கண்ணாடித் தொட்டிக்குள் அயலவர்கள்

தம்பி தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தபோது, "என்ன வேணும் மகன்?" என்று வாப்பா கேட்டார். சைக்கிள் என்பான் என்றுதான் நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்தோம். அவன் மீன் தொட்டி என்றான். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னர் மூவருமாகக் கடைக்குப் போனோம். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று, காற்று மோட்டர் ஒன்று, வர்ணக் கற்கள் ஒரு பை, பிளாஸ்டிக் செடி ஒன்று. பிறகு மீன்கள். தம்பி விரலை நீட்டிய இடமெல்லாம் கடைக்காரர் வலையை விட்டார். தங்கமீன் ஒரு சோடி, டைகர் பார்ப் ஒரு சோடி, கப்பி இரண்டு சோடி, நீலமும் சிவப்புமாய்த் தோகை விரித்த ஆண் ஃபைட்டர் ஒன்று, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்த கறுத்த டேங்க் கிளீனர் குட்டி ஒன்று.

"இதெல்லாம் ஒண்டாப் போடலாமா?" என்று கேட்டேன்.

"ஒண்டும் செய்யாது தங்கச்சி. எல்லாம் ஒண்டா வளரும்" என்றார் அவர்.

மூன்றாம் நாள் ஃபைட்டரின் வால் யாரோ கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் இருந்தது. அதற்கு அடுத்த நாள் ஆண் கப்பி ஒன்று வாலில்லாமல் அடியில் கிடந்தது. ஏழாம் நாள் சுபஹுக்கு எழும்பிய உம்மா, தங்கமீன்கள் இரண்டும் தண்ணீருக்கு மேலே வாயை வைத்து மூச்சு வாங்குவதைக் கண்டு என்னைக் கூப்பிட்டார். அன்று பின்னேரம் ஒன்று இறந்தது. பதினோராம் நாள் எஞ்சியிருந்தவை டைகர் பார்ப் இரண்டும், ஒரு தங்கமீனும், டேங்க் கிளீனரும்தான். ஃபைட்டரை மல்லிகைச் செடியின் அடியில் புதைத்துவிட்டு வந்த தம்பி, "நான் ஒரு நாளும் சாப்பாடு போட மறக்கல்லையே ராத்தா" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பூனையொன்றைக் கட்டி வைத்து, அதற்கு உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாம் எல்லோரும் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். உணவு கொடுக்காததுதான் அவள் செய்த தவறு என்றே அதுவரை நான் நினைத்திருந்தேன். அடைத்து வைத்ததும் அந்தத் தவறின் பாதி என்பது அன்றைக்குத்தான் மனதில் பட்டது. ஆற்றிலே ஒரு மீனுக்கு அயலவரைப் பிடிக்காவிட்டால் அது வேறிடம் போய்விடும். தண்ணீர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் போய்விடும். தொட்டி மீனுக்குப் போக இடமில்லை. அதன் தண்ணீரையும் அயலவரையும் நாம்தான் தெரிவு செய்கிறோம்.

அப்போது நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தேன். நேரம் நிறைய இருந்தது. மீன்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். உயர்தர வகுப்புக்கு வந்த பின்னர், அங்கே படித்த உயிரியலும் இரசாயனவியலும் சில விடயங்களைத் தெளிவாக்கின. தொட்டி வாங்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு இவை பயன்படலாம்.

முதலில் தொட்டியின் அளவு. எமது ஊர்ப் பள்ளிவாசல் ஹவுழில் மீன்கள் இருக்கும். சிறு பிள்ளையாக வாப்பாவுடன் போகும்போது பார்த்திருக்கிறேன். ஐந்து நேரமும் சனங்கள் வுழூச் செய்யும் அந்த இடத்தில், எந்த மோட்டரும் இல்லாமல் அவை வருடக்கணக்காக உயிரோடு இருக்கின்றன. அது எப்படி என்று யோசித்தால் விடை இலேசானது. ஹவுழ் கொள்ளும் தண்ணீர் ஆயிரக்கணக்கான லீற்றர். எமது தொட்டியோ விளிம்புவரை நிரப்பினாலும் ஏறத்தாழ 56 லீற்றர்தான். கற்களைப் போட்டு, மேலே இரண்டு விரற்கடை விட்டால் 45 லீற்றர். பெரிய தண்ணீர் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். சிறிய தண்ணீரில் ஒரு மீன் கூடினாலும் அது தெரியும்.

எப்படித் தெரியும் என்றால், மீன் தனது செவுள்களின் வழியாக அமோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. மிஞ்சிய சாப்பாடு அழுகினாலும் அமோனியாதான். இது மீனுக்கு நஞ்சு. பழகிய தொட்டியொன்றில் வடிகட்டியின் பஞ்சிலும் கற்களிலும் இரண்டு வகைப் பற்றீரியாக்கள் குடியேறி இருக்கும். ஒரு வகை அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். மற்றது நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரைற்றும் நஞ்சுதான். நைத்திரேற்று அவ்வளவு ஆபத்தானதல்ல, வாரத்துக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் அதைச் சமாளிக்கலாம். ஆனால் புதுத் தொட்டியில் இந்தப் பற்றீரியாக்கள் இல்லை. அவை போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் வரை செல்லும். நாங்களோ வெள்ளிக்கிழமை வாங்கிய தொட்டியில் அதே வெள்ளிக்கிழமை பத்து மீன்களை விட்டோம். தங்கமீன்கள் மூச்சு வாங்கியதற்குக் காரணம் இதுதான். எனவே புதுத் தொட்டியில் முதலில் சிறிய, உறுதியான மீன்கள் இரண்டு மூன்றை மட்டும் விட்டு, சாப்பாட்டைக் குறைத்து, தண்ணீரைச் சிறிது சிறிதாக அடிக்கடி மாற்றி, பல வாரங்களின் பின்னரே மற்றவற்றைச் சேர்க்க வேண்டும். பஞ்சை ஒருபோதும் குழாய்த் தண்ணீரில் போட்டுப் பளிச்சென்று கழுவக் கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசினால் போதும், இல்லாவிட்டால் பற்றீரியாக்களும் சேர்ந்து போய்விடும். உம்மாவுக்கு இதைப் புரியவைக்கத்தான் எனக்குப் பெரும்பாடாய்ப் போனது.

அடுத்தது தண்ணீரின் தன்மை. எந்த மீன் எந்த மீனோடு சேரும் என்று கேட்பதற்கு முன்னர், எந்த மீன் எங்கள் கிணற்றோடு சேரும் என்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டுக் கிணற்று நீரில் சவர்க்காரம் இலேசில் நுரைக்காது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிக்கும். சாதாரண தர விஞ்ஞானத்தில் படித்த நீரின் வன்மைக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. கப்பி, மொலி, பிளாட்டி, சோட்டெயில் ஆகிய நான்கும் இத்தகைய வன்னீரை விரும்புபவை. மொலி மத்திய அமெரிக்கப் பக்கத்தின் கரையோர நீர்நிலைகளில், சில இடங்களில் உவர் நீரிலும்கூட வாழ்வது. மாறாக, கடைகளில் நீலக் கோடும் சிவப்புக் கோடுமாக மின்னும் நியோன் டெட்ரா, அமேசன் காட்டின் இலைச் சாறு ஊறிய, வன்மை மிகக் குறைந்த, அமிலத் தன்மையான நீரிலிருந்து வந்த இனம். இவை இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் ஒன்றையொன்று கடிக்கா. ஆனாலும் இரண்டில் ஒன்று எப்போதும் தனக்குப் பொருந்தாத நீரிலேயே இருக்கும். சண்டை போடாத மீன்கள் எல்லாம் பொருத்தமான மீன்கள் என்று நினைப்பது பெரிய பிழை.

வன்னீர்க் கிணறு உள்ளவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அமோனியா நீரில் இரண்டு வடிவில் இருக்கும். அமோனியம் அயனாக இருக்கும்போது தீங்கு குறைவு, அமோனியாவாகவே இருக்கும்போது கூடுதல். பீ.எச். பெறுமானம் கூடக்கூட சமநிலை நஞ்சான பக்கத்துக்குச் சாயும். பீ.எச். 7 இலிருந்து 8 ஆகும்போது நஞ்சான வடிவத்தின் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகிறது. வன்னீரின் பீ.எச். பெரும்பாலும் 7 இற்கு மேலேயே இருக்கும். சமநிலைப் பாடத்தில் இந்தக் கணக்கைச் செய்த அன்று, வகுப்பில் இருந்தபடியே எனக்கு அந்தத் தங்கமீன் ஞாபகம் வந்தது.

குழாய் நீர் பாவிப்பவர்கள் குளோரீனைக் கவனிக்க வேண்டும். ஒரு வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தாலோ, கடையில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேற்றுக் கரைசலில் சில துளிகள் விட்டாலோ போதும்.

மூன்றாவது, வளர்ந்த பின் அளவு. கடையில் எல்லா மீனும் விரலளவுதான். அந்த அளவைப் பார்த்துத்தான் நாம் ஏமாறுகிறோம். சாதாரணத் தங்கமீன் 20 செ.மீ. இற்கும் மேல் வளரும், பத்து வருடங்களுக்கு மேல் வாழும், மற்ற மீன்களைவிட மிக அதிகமாகக் கழிவை வெளியேற்றும். குளிர்ந்த நீரை விரும்பும் இனமும்கூட. எமது கரையோர வெப்பத்தில் வெப்பவலய மீன்களோடு ஓரடி அகலத் தொட்டியில் அதனை வைத்திருப்பது நீதியல்ல. நுவரெலியாப் பக்கத்தில் பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் தங்கமீனை மட்டும் வளர்க்கட்டும், அழகாக இருக்கும். ஏஞ்சல் மீன் குட்டியாக இருக்கும்போது சாதுவானது. வளர்ந்தால் செட்டைகளோடு சேர்த்து 15 செ.மீ. உயரத்தையும் தாண்டும். அப்போது கூட இருக்கும் நியோன் டெட்ராக்கள் ஒவ்வொன்றாகக் காணாமற்போகும். அது கெட்ட மீன் என்பதால் அல்ல. வாயில் அடங்கும் எதுவும் மீனுக்கு உணவுதான். ஆகவே கடையில் நின்று பார்க்கும்போது, இப்போதைய உடலை அல்ல, இந்த மீன் வளர்ந்த பின் அதன் வாயில் அந்த மீன் அடங்குமா என்று கற்பனை செய்து பார்க்க வேண்டும்.

டேங்க் கிளீனரைப் பற்றி என்னவென்று சொல்வது! பெயரைக் கேட்டு, தொட்டியைக் கழுவித் தரும் வேலைக்காரன் என்று நினைத்து வாங்குகிறோம். பாசியைச் சுரண்டித் தின்பது உண்மைதான். ஆனால் தின்றதற்கு ஏற்ப அசுத்தமும் செய்யும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த இனம் 40 செ.மீ. வரை வளரக்கூடியது. வளர்ந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் பலர் குளத்திலும் ஆற்றிலும் விட்டுவிடுகிறார்கள். அப்படிப் போனவை இன்று இலங்கையின் நீர்த்தேக்கங்களில் பெருகி, மீனவர்களின் வலைகளில் சிக்கித் தொல்லை கொடுக்கின்றன. தொட்டியில் வைத்துக்கொள்ள முடியாத மீனைக் குளத்தில் விடுவது அதற்கு விடுதலை கொடுப்பதாகாது. குளத்தில் ஏற்கனவே இருப்பவற்றிடம் யாரும் கேட்கவில்லையே.

இனிக் குணம். எங்கள் வீட்டுத் தொட்டியில் நடந்த கொலைகளுக்குப் பொறுப்பு இந்தப் பகுதிதான். ஆண் ஃபைட்டர் தாய்லாந்துப் பக்கத்தின் வயல்களிலும் சதுப்புகளிலும் வாழும் இனத்திலிருந்து, சண்டைக்காகவும் அழகுக்காகவும் மனிதர் தேர்ந்து வளர்த்த மீன். இன்னோர் ஆணை மட்டுமல்ல, நீண்ட வர்ண வாலுள்ள எதைக் கண்டாலும் ஆண் ஃபைட்டர் என்றே எண்ணித் தாக்கக்கூடும். அந்த ஆண் கப்பி அப்படித்தான் போயிருக்க வேண்டும். அதேவேளை தோகை பாரமாக இருப்பதால் ஃபைட்டருக்கு வேகமாக நீந்தவும் முடியாது. டைகர் பார்ப்புக்கோ, ஆடி அசையும் செட்டையைக் கண்டால் கொத்தாமல் இருக்க முடியாது. ஒன்றைத் தாக்கவும் இன்னொன்றிடம் தாக்கப்படவும் கூடிய மீனை நடுவில் விட்டு, "எல்லாம் ஒண்டா வளரும்" என்று நாங்கள் நம்பினோம்.

ஆனால் டைகர் பார்ப்பின் மேல் எல்லாப் பழியையும் போட முடியாது. இங்கேதான் நான் கற்ற மிக முக்கியமான விடயம் வருகிறது. எமது ஆட்கள் மீன் வாங்கினால் சோடி சோடியாகத்தான் வாங்குவார்கள். புறா வாங்கும் பழக்கமாக இருக்கலாம். சோடி என்றால் தனிமை இருக்காது என்ற இரக்கமாகவும் இருக்கலாம். ஆனால் பார்ப், டெட்ரா, டானியோ முதலியவை கூட்டமாக வாழும் இனங்கள். டைகர் பார்ப்புகளை எட்டுப் பத்தாக வளர்த்தால், அவை தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடி, யார் பெரியவர் என்பதைத் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும். இரண்டை மட்டும் விட்டால் அந்தத் தொந்தரவு முழுவதும் பக்கத்து மீனுக்குப் போகிறது. டெட்ராக்களை இரண்டாக விட்டால் அவை யாரையும் கொத்தா, பயந்துபோய் மூலையில் ஒதுங்கி, நிறம் மங்கிவிடும். ஆக ஒரு மீன் சாதுவா முரடா என்பது அதன் இனத்தை மட்டும் பொறுத்ததல்ல. எத்தனை பேராக இருக்கிறது என்பதையும் பொறுத்தது. சிறிய தொட்டியில் ஐந்து இனங்களில் இவ்விரண்டு வாங்குவதைவிட, ஓரினத்தில் எட்டு வாங்குவது நல்லது. பார்ப்பதற்கும் அதுவே அழகு.

கப்பிக்குக் கணக்கு வேறு. ஆணும் பெண்ணும் ஒவ்வொன்றாக விட்டால் ஆண் அந்த ஒரேயொரு பெண்ணை ஓய்வில்லாமல் துரத்திக்கொண்டே இருக்கும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் வேண்டும். அப்படி விட்டால் ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பெண்ணும் குஞ்சு போடும், முட்டையாக அல்ல, நீந்தும் குஞ்சுகளாகவே. ஒரு தடவைச் சேர்க்கையில் பெற்ற விந்தைச் சேமித்து வைத்து மாதக்கணக்கில் குஞ்சு போடக்கூடியது அது. சில மாதங்களில் தொட்டி நிரம்பி, பழையபடி அமோனியாப் பிரச்சினைக்கு வந்துவிடுவோம். எனவே சிறிய தொட்டிக்கு ஆண் கப்பிகள் ஆறேழை மட்டும் வளர்ப்பது புத்தி. வயிற்றின் கீழுள்ள குதச் செட்டை ஊசிபோல் இருந்தால் ஆண், விசிறிபோல் இருந்தால் பெண். வர்ணம் முழுவதும் ஆணிடம்தான், ஆகவே நட்டமொன்றுமில்லை. (கப்பி என்பது ஒரு மனிதரின் பெயர். ட்ரினிடாட் தீவிலிருந்து இம்மீனின் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பிய லெக்மியர் கப்பி என்பவரைக் கௌரவித்து 1866இல் இதற்குப் பெயரிட்டார்கள். எமது வீதிக் கானிலும் அவர் பெயர் நீந்துகிறது.)

தொட்டியின் எந்தத் தட்டில் மீன் வாழ்கிறது என்பதையும் பார்க்கலாம். கப்பியும் டானியோவும் பெரும்பாலும் மேற்பக்கம், பார்ப்பும் டெட்ராவும் நடு, கொரிடோராஸ் அடி. மேலே ஓரினம், அடியில் ஓரினம் என்று இரண்டு போதும். கொரிடோராஸுக்கு வாயருகே மீசை உண்டு. கூரிய கற்கள் அதைத் தேய்த்துவிடும், ஆகவே மணல் வேண்டும். அதுவும் ஆறேழாக வாழ்வதுதான். பிளாஸ்டிக் செடிக்குப் பதில் ஐதரில்லாவோ வலிஸ்னேரியாவோ நட்டால் துரத்தப்படும் மீன் ஒளிய இடம் கிடைக்கும், அமோனியாவையும் செடி ஓரளவு உறிஞ்சும்.

இவ்வளவையும் வைத்து இரண்டடித் தொட்டிக்கு நான் சொல்லக்கூடிய சேர்க்கைகள் அதிகமில்லை. எங்கள் வீட்டைப் போல வன்னீர் உள்ளவர்களுக்கு ஆண் கப்பி ஆறும் வெண்கல நிறக் கொரிடோராஸ் ஆறும். இந்தக் கொரிடோராஸ் இனம் தண்ணீரை அவ்வளவு குறை சொல்லாது. மலைநாட்டில் நீர் குளிராக இருந்து, சூடாக்கி வாங்க வசதியில்லாவிட்டால் சீப்ரா டானியோ எட்டு. ஃபைட்டர்தான் வேண்டுமென்று பிள்ளை அழுதால், அதற்கென்று 15, 20 லீற்றர் தொட்டியில் தனியாக ஒன்று. காற்றையும் சுவாசிக்கக்கூடிய மீன் என்பதற்காக அதைக் கிண்ணத்திலும் போத்தலிலும் அடைக்க வேண்டியதில்லை.

வன்மை குறைந்த நீர் உள்ளவர்களுக்கு என் தெரிவு செர்ரி பார்ப். கடையில் ஆங்கிலப் பெயரைக் கேட்டு நான் அதை வெளிநாட்டு மீன் என்றே நினைத்திருந்தேன். உண்மையில் அது இலங்கைக்கு மட்டுமே உரிய இனம். தென்மேற்கு ஈரவலயத்தின் நிழல் படர்ந்த சிற்றோடைகளில் வாழ்வது. சிங்களத்தில் லே தித்தயா என்பார்கள். இந்த நாட்டின் விலங்கியலறிஞரான பி.ஈ.பி. தெரணியகல 1929இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். ஐந்து செ.மீ. தான் வளரும், யாரையும் கொத்தாது. ஆண், முதிர்ந்தால் இரத்தச் சிவப்பு. உலகமெங்கும் மீன் வளர்ப்போர் தேடி வாங்கும் இதைவிட்டு, அமேசனிலிருந்து வந்ததைத் தேடுகிறோம். வாங்கும்போது பண்ணையில் பெருக்கியதா என்று கேட்டு வாங்குங்கள். ஓடையில் பிடித்ததென்றால் வேண்டாம்.

மீனைக் கொண்டுவந்ததும் பையோடு இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, பின்னர் மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். பை நீரைத் தொட்டியில் ஊற்றினால் கடையின் நோயும் கூட வரும்.

எங்கள் தொட்டி மூன்று மாதம் மீனில்லாமல், செடியோடு மட்டும் இருந்தது. டைகர் பார்ப் இரண்டையும், பெரிய தொட்டியில் அதே இனம் வளர்க்கும் என் வகுப்புத் தோழியின் வீட்டுக்குக் கொடுத்தோம். இப்போது கப்பி ஆறு, கொரிடோராஸ் ஆறு. தம்பி ஒவ்வொரு கப்பிக்கும் ஒரு கிரிக்கெட் வீரரின் பெயர் வைத்திருக்கிறான். தங்கமீன் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் நன்றாக இருக்கிறது. டேங்க் கிளீனரும் அங்கேதான். ஒன்றரை வருடத்தில் எனது கையளவு நீண்டுவிட்டது, இரவில் அது துள்ளும் சத்தத்தில் மூத்தம்மா கள்ளன் வந்துவிட்டான் என்று இரண்டு தடவை எழும்பியிருக்கிறார். மீனை வாங்கிய கடையும் அதைத் திரும்ப எடுக்க மறுத்துவிட்டது. இதை வாசிப்போரில் யாருடைய வீட்டிலாவது ஐந்தடிக்குக் குறையாத தொட்டி இருந்தால், உயர்தர உயிரியல் வகுப்புக்கு வந்து என்னிடம் சொல்லுங்கள். தம்பியிடம் கேட்டுவிட்டேன், தருவதாகச் சொல்லியிருக்கிறான்.